ஆல்டன்வுட் வழியாக வந்த மாப்பிள்ளை

ஒரு மணிக்குத் தொடங்க வேண்டிய கல்யாணம். மணி ஒன்றேகால் ஆகியும் மாப்பிள்ளை வரவில்லை.

ஹெர்மோன் பாப்டிஸ்ட் ஆலயத்தின் வாசல் கூடத்தில் அலான்ஸோ மெரிவெதர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். எழுபத்திரண்டு வயதிலும் முதுகு வளையாத மனிதர். முப்பத்துநாலு வருஷம் தபால் பை சுமந்தவர். அந்தப் பை மற்ற தபால்காரர்களுக்கு ஒரு பக்கத் தோளை இறக்கிவிடும். அவருக்கு மட்டும் இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் நின்றன. பத்தொன்பது வருஷமாக இந்த ஆலயத்தில் டீக்கன், சபைப் பொறுப்பாளர்களில் ஒருவர். செயின்ட் லூயி நகரத்துக்கு வடக்கே, தெருவுக்குத் தெரு பெயர் மாறும் அந்தச் சின்னச் சின்ன ஊர்களில் மெரிவெதர் குடும்பத்தைப் பற்றி ஒரு சொல் குறைவாகப் பேசியவர் கிடையாது. பேச இடம் கொடுத்ததும் கிடையாது.

உள்ளே இருநூறு பேர் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஆர்கன் வாசிக்கும் பெண்மணி தனக்குத் தெரிந்த மெல்லிய பாட்டுகளையெல்லாம் வாசித்து முடித்து, முதல் பாட்டுக்கே திரும்பிவிட்டாள். நாலு மணிக்கு அதே ஆலயத்தில் ஓர் இறுதிச் சடங்கு இருந்தது. மூன்று மணிக்குப் பெட்டி வந்துவிடும், அதற்குள் கல்யாணக் கூட்டம் கீழ்த்தளத்துக்கு இறங்கியாக வேண்டும் என்று போதகர் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது தடவை வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அலான்ஸோவின் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். அந்தத் தொடுகைதான் அவருக்குப் பொறுக்கவில்லை. தன்மேல் யாரும் இரக்கப்படும் நிலைமையில் அவர் என்றைக்கும் நின்றதில்லை.

மாப்பிள்ளை குவென்டின் யார்பரோ, மெம்ஃபிஸில் மருந்தாளராக இருப்பவன். முப்பத்துமூன்று வயது. சாந்தமான பிள்ளை. கைகுலுக்கும்போது கண்ணைப் பார்த்துப் பேசுவான். அலான்ஸோவுக்கு அவனைப் பிடித்திருந்தது, ஆனால் அதை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை. நண்பர்களோடு ஒரே வண்டியில் கிளம்பியவன்தான். பாதி வழியில் துடைப்பத்தை விடுதி அறையிலேயே வைத்துவிட்டோம் என்று நினைவு வந்து, விடுதி வாசலில் திரும்ப இறங்கிக்கொண்டு, தன் காரை எடுத்துக்கொண்டு வருகிறேன், நீங்கள் முன்னால் போங்கள் என்று நண்பர்களை அனுப்பிவிட்டான். ரிப்பனும் மணியும் கட்டிய அந்தத் துடைப்பத்தைத் தாண்டினால்தான் கல்யாணம் முடிந்ததாகக் கணக்கு. சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள அனுமதி இல்லாத அடிமைக் காலத்தில் முன்னோர்கள் அப்படித்தான் செய்தார்கள். அதை மாப்பிள்ளை கையால் கொண்டுவர வேண்டும் என்பது மெரிவெதர் வீட்டு வழக்கம். அதனால் திரும்பிப் போனதில் குற்றமில்லை. விடுதியிலிருந்து ஆலயத்துக்கு இருபது நிமிஷம். அவன் திரும்பிப் போனது பன்னிரண்டு மணிக்கு.

மேலே சொல்ல வேண்டியது முந்தின நாள் மாலை நடந்த ஒரு பேச்சு.

ஒத்திகை முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, அலான்ஸோவின் அக்கா ஒடெஸா, எழுபத்தாறு வயது, ஒரு காகிதக் கைக்குட்டையை விரித்து அதில் பேனாவால் வழி வரைந்தாள். விடுதியிலிருந்து ஆலயத்துக்குப் பெரிய ரோட்டில் நேராக வரலாம். ஆனால் அந்த ரோடு முக்கால் மைல் தூரம் ஆல்டன்வுட் என்கிற ஊருக்குள் நுழைந்து வெளியே வரும். அந்த முக்கால் மைலுக்கு எத்தனை போலீஸ் வண்டி என்பது அந்தப் பக்கத்துக் கறுப்பர்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் திரும்பி, பம்ப் ஹவுஸைச் சுற்றி, பதினைந்து நிமிஷம் கூடுதலானாலும் பரவாயில்லை என்று வருவார்கள். பிள்ளைக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது பிரேக்குக்கு அடுத்தபடி கற்றுக்கொடுப்பது அந்த வழியைத்தான். ஒடெஸா வரைந்ததும் அதையே.

அலான்ஸோ அந்தக் காகிதத்தை எடுத்து, நாலாக மடித்து, தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நம்ம வீட்டு மாப்பிள்ளை பெரிய ரோட்டுல வரட்டும். சந்து பொந்துல ஒளிஞ்சு வர, நாம என்ன திருட்டுச் சாமானா கடத்துறோம்? நான் முப்பத்துநாலு வருஷம் அந்த ரோட்டுல போயிருக்கேன். ஒருத்தன் என்னை நிறுத்தினதில்ல."

"நீ போனது தபால் வண்டியில, லோனி," என்றாள் ஒடெஸா, கோழிக்கால் எலும்பைத் தட்டில் வைத்தபடியே. "அவங்க வழிவிட்டது உனக்கு இல்ல. வண்டியில வரைஞ்சிருந்த சர்க்கார் கழுகுக்கு."

மேஜை முழுக்கச் சிரித்தது. அலான்ஸோ சிரிக்கவில்லை. மாமனாருக்குப் பிடித்த மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்த குவென்டின், "ஐயா சொன்னபடியே வர்றேன்" என்று சொல்லிவிட்டான்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த முப்பத்துநாலு வருஷத்தில் யாரும் நிறுத்தவில்லைதான். ஆனால் வேலையை விட்டு இரண்டு மாதம் கழித்து, ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, நோயாளி ஒருவரைப் பார்த்து ஜெபிக்கத் தன் சொந்தக் காரில் போனபோது நிறுத்தினார்கள். ஆல்டன்வுட்டில், டயர் கடைக்கு முன்னால். உடம்பில் டீக்கன் கோட், பக்கத்து இருக்கையில் வேதப் புத்தகம். யாரையோ தேடுகிறோம், உன் கார் மாதிரிதான் அந்தக் கார் என்றார்கள். சாலை ஓரக் கல்லில் உட்காரச் சொன்னார்கள். கணுக்கால் மேல் கணுக்கால், கை இரண்டும் முழங்கால் மேல். நாற்பது நிமிஷம். பிறகு போகலாம் என்றார்கள். அவ்வளவுதான்.

அதை அவர் மனைவி லொரெய்னிடம் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்லவில்லை. மகளிடம் சொல்ல வாயே வராது. சொல்லாமல் விட்டது, நடக்காதது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தார். அன்றைக்குப் பிறகு காரில் யாராவது இருந்தால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து பெரிய ரோட்டில் ஓட்டுவார். தனியாகப் போகும்போது பம்ப் ஹவுஸைச் சுற்றித்தான் போனார்.

அதனால்தான் இப்போது, ஒன்றேகாலுக்கு, பையன் ஓடிவிட்டான் என்று நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது. ஓடியிருந்தால் அவமானம். ஆனால் பழி அவன்மேல். ஓடவில்லை என்றால் பழி யார்மேல் என்பதை அவர் நினைக்க விரும்பவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா வெர்னெல் வாசல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கணவனை இழந்தவள், பள்ளிக்கூடச் சமையல் வேலை செய்து ஒரே பிள்ளையை வளர்த்தவள். கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அலான்ஸோ அவளிடம் போய், எங்கள் குடும்பத்தில் சொன்ன நேரம் என்றால் சொன்ன நேரம், உங்கள் பிள்ளைக்கு மனசு மாறியிருந்தால் நேற்றே சொல்லியிருக்கலாம், இருநூறு பேர் முன்னால் என் பெண்ணை நிறுத்தியிருக்க வேண்டாம் என்று பேசினார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்னும்படி இருந்தது அந்தப் பேச்சு.

வெர்னெல் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை முகத்தில்.

"அவன் ஓடிப்போயிருக்கணும்னுதான் நான் அரை மணி நேரமா ஆண்டவர்கிட்ட வேண்டிக்கிட்டிருக்கேன், டீக்கன்," என்றாள்.

அலான்ஸோ வாசல் பக்கம் திரும்பி ரோட்டைப் பார்த்தார்.

பெண் அலங்காரம் செய்துகொள்ளும் அறைக் கதவு திறந்து ஜோஸ்லின் வெளியே வந்தாள். வெள்ளை உடை, தலையில் முத்துவலை, கையில் போன். பதினோரு தடவை கூப்பிட்டாகிவிட்டது. மணி அடிக்கிறது, எடுக்கவில்லை என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, நேற்று அவள் மேஜையின் மறுகோடியில் இருந்ததால் காதில் விழாத விஷயத்தைக் கேட்டாள்.

"அப்பா, அவர எந்த ரோட்டுல வரச் சொன்னீங்க?"

"பெரிய ரோட்டுல."

அவள் குனிந்து, உயரமான செருப்பின் வாரை அவிழ்க்க ஆரம்பித்தாள், தானே போகப்போகிறவள் மாதிரி. அதற்குள் மாப்பிள்ளைத் தோழர்கள் ஆறு பேர், எல்லாரும் வாட்டசாட்டமான பையன்கள், கறுப்புக் கோட்டோடு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒடெஸா கதவுக்குக் குறுக்கே போய் நின்றாள். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பெரிய தொப்பி. அதன் விளிம்பே பாதி வாசலை அடைத்தது.

"நீங்க ஆறு பேரும் ஆல்டன்வுட்ல போய் இறங்கினா, ஒரு மாப்பிள்ளைக்குப் பதிலா ஏழு பேரைத் தேடணும். உட்காருங்கப்பா. கிழவிங்க நாங்க போறோம்."

"நானும் வர்றேன்," என்றார் அலான்ஸோ. மகளிடம் செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். அது ஒரு வாக்குறுதி மாதிரி வெளியே வந்துவிட்டது. எதை நம்பிச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஒடெஸாவின் காரில் அவர்கள் இருவர். பின்னால் ஆலயத்து வேனில், வாசலில் நின்று ஆட்களை உட்காரவைக்கும் பெண்கள் நாலு பேர், வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை, நெஞ்சில் பித்தளைப் பட்டயம். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. ஒடெஸா கிளம்புவதைப் பார்த்து அவர்களும் கிளம்பினார்கள். விளக்குச் சந்திப்பு ஒவ்வொன்றிலும் ஒடெஸா முழுசாக வண்டியை நிறுத்தினாள், யாருமே இல்லாவிட்டாலும். அலான்ஸோ மனசுக்குள் தூரத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தார். கடிதம் போட்ட வீடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் படி உடைந்திருக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இன்றைக்கு ஒரு வீடும் கண்ணில் நிற்கவில்லை.

டயர் கடை தெரிந்தது. இரண்டு போலீஸ் வண்டிகள் நின்றன. நடுவில் மாப்பிள்ளையின் நீலக் கார், பின்கதவு தூக்கியபடி.

குவென்டின் சாலை ஓரக் கல்லில் உட்கார்ந்திருந்தான். சாம்பல் நிறக் கல்யாணக் கோட்டு. கணுக்கால் மேல் கணுக்கால். கை இரண்டும் முழங்கால் மேல். பக்கத்தில் புல்லின்மேல் அவன் பொருள்கள் பரப்பிக் கிடந்தன: பெட்டி, மாற்றுச் செருப்பு, மோதிரப் பெட்டி, துடைப்பம்.

உயிரோடு இருக்கிறான். அலான்ஸோவுக்கு முதலில் தோன்றியது அதுதான், வேறு ஒன்றும் இல்லை. "இருக்கான், லோனி. நல்லாத்தான் இருக்கான்," என்று ஒடெஸா இரண்டு தடவை சொன்னாள், தனக்கும் சேர்த்து.

எதிர்ப்பக்கம் சலவைக் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார்கள். வேனும் வந்து பின்னால் நின்றது. இதற்கு ஒரு முறை உண்டு. நம் ஆள் ஒருவரை நிறுத்தி வைத்திருப்பதைப் பார்த்தால், கண்டுகொள்ளாமல் போகக் கூடாது. கிட்டேயும் போகக் கூடாது. ரோட்டின் மறுபக்கத்தில், கை தெரிகிற மாதிரி, சும்மா நிற்க வேண்டும். கத்தக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. எல்லாம் முடிந்து அந்த ஆள் வண்டியை எடுக்கிற வரைக்கும் நிற்க வேண்டும். நாம் நிற்பது அவனுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அது போதும்.

ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். கத்தரிப்பூ நிறத் தொப்பி, நாலு வெள்ளைச் சீருடை, நடுவில் அலான்ஸோ.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருக்கும் ஒருவர் இப்படி வண்டியை மெதுவாக்கினார். யார் என்று அவர் பார்க்கவில்லை. பார்த்தால் அவர்களும் தன்னைப் பார்த்துவிடுவார்களே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்டி போய்விட்டது. மீதி நிமிஷங்களைத் தனியாகத்தான் கழித்தார்.

குவென்டின் தலையைத் தூக்கினான். எதிரே யார் நிற்கிறார்கள் என்று பார்த்தான். மாமனார் என்று தெரிந்ததும் சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அந்தத் திருப்பலை அலான்ஸோவுக்கு உள்ளே இருந்து தெரியும். அதைச் செய்யும்போது கழுத்து எப்படி எரியும் என்று தெரியும். அவன் அங்கே பயந்து உட்கார்ந்திருக்கவில்லை. பயம் முதல் பத்து நிமிஷத்தில் போய்விட்டிருக்கும். இந்த வீட்டு மாப்பிள்ளையாக வர இனி எனக்கு முகம் இல்லை என்று உட்கார்ந்திருக்கிறான். இன்னும் பத்து நிமிஷம் போனால் விட்டுவிட்டாலும் ஆலயத்துக்கு வருவானோ, நேரே மெம்ஃபிஸுக்குப் போய்விடுவானோ. அவன் ஓடிப்போனதாக அவர் கட்டிய கதை உண்மையாகிவிடும் நேரம் வந்திருந்தது.

அலான்ஸோ தொப்பியை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். கால்சட்டையை முழங்காலில் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு சலவைக் கடைக்கு முன்னால், சாலை ஓரக் கல்லின்மேல் மெதுவாக உட்கார்ந்தார். கணுக்கால் மேல் கணுக்காலைப் போட்டார். கை இரண்டையும் முழங்கால் மேல் வைத்தார்.

"லோனி, என்ன பண்றே," என்றாள் ஒடெஸா. பிறகு அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தாள். அந்த விதம் யாரும் சொல்லிக்கொடுக்காமல் வராது. அவள் மேலே கேட்கவில்லை.

குவென்டின் திரும்பிப் பார்த்தான். நடுவில் நாலு வழிச் சாலை. கார்கள் வருவதும் போவதுமாக இருந்தன. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், ஒரே மாதிரி. அவன் முகத்தை இந்தத் தடவை திருப்பவில்லை.

போலீஸ்காரர்களில் ஒருவன் ரோட்டைத் தாண்டி வந்தான். இளைஞன், காது சிவந்திருந்தது வெயிலில். உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டான்.

"கல்யாணத்துக்கு வந்திருக்கோம், ஆபீசர்," என்றாள் ஒடெஸா. "மாப்பிள்ளை உங்ககிட்ட இருக்கார்."

நாலு வெள்ளைக் கையுறைப் பெண்களும் அவனைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வாசலில் புதிதாக வருபவர்களைப் பார்த்துத் தலையசைப்பது போல அசைத்தார்கள். அவன் கீழே உட்கார்ந்திருந்த கிழவரைப் பார்த்தான். ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டான். நன்றாக இருக்கிறேன், சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றார் அலான்ஸோ. அவன் திரும்பிப் போனான். வயதில் மூத்த மற்றவனிடம் ஏதோ பேசினான். மூத்தவன் இந்தப் பக்கம் பார்க்காமலே தலையை ஆட்டினான்.

பத்து நிமிஷம் கழித்து ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்து, போகலாம் என்று விட்டார்கள். நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லையாம். நிறுத்தியது நண்பகல் பன்னிரண்டரை மணி வெயிலில்.

அவர்கள் வண்டி போன பிறகுதான் எல்லாரும் ரோட்டைக் கடந்தார்கள். அந்தப் பெண்கள் ஒன்றும் பேசாமல் புல்லில் கிடந்ததையெல்லாம் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கினார்கள். ஒருத்தி கையுறையால் மோதிரப் பெட்டியைத் துடைத்தாள். குவென்டின் எழுந்து நின்றான். துடைப்பத்தின் கட்டைப் பிரித்து உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்திருந்தார்கள். ரிப்பன் அறுந்து, பாதித் துரும்பு உதிர்ந்திருந்தது.

"இது எதுக்குன்னு கேட்டாங்க. தாண்டறதுக்குன்னேன். கிண்டல் பண்றேன்னு நெனச்சுட்டாங்க. அதுலதான் இவ்வளவு நேரம்." அவன் குனிந்து உதிர்ந்த துரும்பைப் பொறுக்கினான். "மன்னிச்சிருங்க ஐயா. உங்க குடும்பத்துப் பேர..."

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே கல்லுலதான் உட்கார்ந்தேன்," என்றார் அலான்ஸோ. "நாற்பது நிமிஷம். ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா நேத்து உன்னை இந்த ரோட்டுல வரச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. மன்னிப்பு நான்தான் கேட்கணும், மாப்பிள்ளை."

அவர் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. ஒடெஸா தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. ஆனால் அழுது நிற்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"அதான் ஆறு வருஷமா உன் கார் பம்ப் ஹவுஸ் பக்கமே மேஞ்சுக்கிட்டிருக்கா? அங்க நீ யாரையோ சின்ன வீடா வெச்சிருக்கேன்னுல்ல நான் நெனச்சேன். லொரெய்ன்கிட்ட சொல்லலாமா வேணாமான்னு ஆறு வருஷமா எனக்குத் தூக்கமில்ல."

கையுறைப் பெண்களில் ஒருத்திக்குச் சிரிப்பு பீறிட்டது. அப்புறம் எல்லாருக்கும். குவென்டின் டிக்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்போடு கண்ணீரும் வந்து, முகத்தைத் துடைக்க ஒருத்தி தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தாள். அலான்ஸோ டயர் கடைக்கு முன்னால் நின்று வாய்விட்டுச் சிரித்ததை அந்த நாலு பெண்களும் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு மணி அடிக்கும்போது ஆலயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வெர்னெல் பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பி, கைகளைத் தூக்கிப் பார்த்து, எல்லாம் முழுசாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவன் தோளில் ஒரு அடி போட்டாள். அலான்ஸோ அவளிடம் போய், நான் உங்களிடம் பேசிய பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவள் கைப்பையைத் திறந்து ஒரு மிட்டாயை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவ்வளவுதான் பதில்.

போதகர் பிரசங்கத்தை ஐந்து நிமிஷத்தில் முடித்தார். அந்த ஆலயத்தில் யாரும் கண்டிராத சுருக்கம், அதற்கே தனியாக ஆமென் சொன்னார்கள். பிரிந்துபோன துடைப்பத்தை ஒடெஸா தன் தொப்பி ரிப்பனால் கட்டிக் கொடுத்தாள். மணமக்கள் கைகோத்துத் தாண்டியபோது எழுந்த கூச்சலில், வாசலில் சவப்பெட்டியோடு வந்து காத்திருந்தவர்கள்கூடத் தொப்பியைக் கழற்றி வாழ்த்தினார்கள். அவர்களுக்கு வழிவிட்டு, கல்யாணக் கூட்டம் சத்தத்தை அடக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கிற்று.

கீழே சாப்பாடு ஆறிப்போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. பொரித்த கோழி, கீரை, பாலாடைக்கட்டி போட்ட மக்கரோனி, வெண்ணெய்க் கேக். பெண்ணின் தகப்பனார் ஜெபம் சொல்ல வேண்டும். அலான்ஸோ எழுந்து, எல்லாரும் தலையைக் குனிந்ததும், தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள், முதலில் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். மாப்பிள்ளை ஏன் தாமதம் என்று சொன்னார். யார் சொல்லி அந்த வழியில் வந்தான் என்று சொன்னார். பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொன்னார், கல், கணுக்கால், வேதப் புத்தகம், முகத்தைத் திருப்பிக்கொண்டது, எல்லாம். லொரெய்ன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

பின்மேஜையிலிருந்து, இன்னொரு டீக்கன் வார்டெல் டிப்ஸ், எண்பது வயதுக்காரர், தொண்டையைக் கனைத்தார்.

"டயர் கடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"இந்தப் பக்கம்."

"அப்ப உனக்கு நிழல் இருந்திருக்கும். எனக்கு அந்தப் பக்கம், வெயில்ல."

அவ்வளவுதான், மூடி திறந்துவிட்டது. பாடகர் குழுத் தலைவர் மழையில் உட்கார்ந்தாராம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைத் தன் பழைய மாணவனே உட்காரவைத்தானாம். ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் என்று வருஷக்கணக்கில் பூட்டிவைத்திருந்ததை எடுத்து மேஜையில் வைத்தார்கள். மனைவிமார் பலர் அதை முதல் தடவையாகக் கேட்டார்கள். சிரிப்புக்கு நடுவே சிலர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். குவென்டின் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தக் கிழவர்கள் மேஜையில் போய் உட்கார்ந்துவிட்டான்; ஜோஸ்லின்தான் வந்து, இன்றைக்கு எனக்கும் உங்களுக்கும்தானே கல்யாணம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

லொரெய்ன் கணவருடைய தட்டில் இன்னும் ஒரு கரண்டி மக்கரோனியை வைத்தாள். கோபம் வந்தால் மட்டும் அவரை அவள் குடும்பப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள்.

"சாப்பிடுங்க, மிஸ்டர் மெரிவெதர். ஆறு வருஷத்துக்கும் சேத்து வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

அவர் சாப்பிட்டார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. பசித்தது, நன்றாகவே பசித்தது.

மாலையில் மணமக்கள் கிளம்பும்போது குவென்டின் தயங்கிக்கொண்டே அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினான். மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி, ஆல்டன்வுட் கோர்ட்டில் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் பிடிவாரண்ட். தபாலிலேயே கட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது என்றான். பிளேட் விளக்கைப் போட்டுப் பார்த்தேன், எரிகிறது என்றும் சொன்னான்.

அலான்ஸோ சீட்டை வாங்கிக்கொண்டு வாசல் கூடத்துக்குப் போனார். அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் ஞாயிறு அறிவிப்புகளை வாசிக்கும் பெண்மணி அடுத்த வாரத்துக்கான தாள்களை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு தாள் வாங்கி, முகவரி தெளிவாக எழுதிப் பழகிய கையால் எழுதினார்: எங்கள் மருமகன் குவென்டின் யார்பரோ, மூன்றாவது செவ்வாய், மாலை ஆறு மணி, ஆல்டன்வுட் கோர்ட். கூட வர விரும்புகிறவர்கள் வரலாம்.

அந்தப் பெண்மணி வாசித்துவிட்டு, இதைச் சபையில் சத்தமாகவே வாசிக்க வேண்டுமா, டீக்கன், என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சத்தமா வாசிம்மா," என்றார் அலான்ஸோ. "வேனுக்குப் பேர் கொடுக்கச் சொல்லு. முதல் பேரு என்னோடது."